உளி வைப்பதற்கு முன்

எரிந்த மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கும்போதே மூக்கு சொல்லிவிடும். வார்னிஷ் கருகிய வாடை அப்படிப்பட்டது. சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது. 1971-இல், பதினேழு வயதில், கோயம்புத்தூரில் ஒரு வைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பத்து வருடம் கழித்துப் பல்லடம் பக்கத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற மோட்டார்களைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுகிறேன்.

தப்பு செய்தால் அதிலிருந்து கற்றுக்கொள் என்று பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்கிறோம். எப்படிக் கற்பது என்று சொல்லிக்கொடுப்பவர் குறைவு. பட்டால் தெரிந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். நான் ஒரே இடத்தில் மூன்று முறை பட்டவன். மூன்றாவது முறையும் எனக்குத் தானாகத் தெரியவில்லை, இன்னொருவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

1986, பங்குனி மாதம். பொங்கலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், 5 எச்.பி. மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டிருந்தார். நட்டு முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது, இனிதான் காய் திரள வேண்டும். அந்த வெயிலில் நாலைந்து நாளுக்கு ஒரு தண்ணீர் விட்டே ஆக வேண்டும். "தம்பி, நாளைக்குள்ள முடிச்சுக் குடு" என்றார். சரிங்க என்றேன்.

எரிந்த ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரில் சுழலாமல் காயில்களைத் தாங்கி நிற்கும் பகுதியை, பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு பக்கத்தில் வெளியே வளைந்து நிற்கும் காயில் தலைகளை உளி வைத்துச் சுத்தியால் தட்டி அறுப்போம். சூடு காட்டி வார்னிஷ் இளகியதும், மறுபக்கமிருந்து கொக்கி போட்டு இழுத்தால் ஸ்லாட்டிலிருந்து கம்பி கற்றை கற்றையாக வந்துவிடும். அது பழைய செம்போடு சேர்ந்துவிடும். ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, இன்சுலேஷன் தாள் வைத்து, புதுக் காயிலை இறக்கி, மூங்கில் குச்சி செருகி, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தால் வேலை முடிந்தது. கைப்பழக்கம் வந்துவிட்டால் இதில் யோசிக்க எதுவுமில்லை. நானும் யோசிக்கவில்லை. இரவோடு இரவாகச் சுற்றி மறுநாள் அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் மோட்டார் திரும்பி வந்தது. கம்பிதான் சரியில்லை என்று கம்பி விற்றவர் மேல் கோபப்பட்டேன். வேறு கடையில் கம்பி வாங்கி, பாதிக் கூலிக்கு மறுபடி சுற்றிக் கொடுத்தேன். அது பத்து நாள் ஓடியது. மூன்றாம் முறை வந்தபோது அவர் சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, மூணு தடவையா இதைக் கழட்டிக் கழட்டி மாட்டறே. எதனால எரியுதுன்னு ஒருக்காவாச்சும் பாத்தியா? எங்க தோட்டத்துப் பக்கம் வந்து பாத்தியா?"

கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஸ்டேட்டரின் வட்டத்தில் சம இடைவெளி விட்டு நான்கு இடத்தில் காயில் கரிக்கட்டையாகக் கிடந்தது. நடுவில் இருந்தவை தேன் நிறம் மாறாமல் அப்படியே இருந்தன. டெல்டா இணைப்பில் ஓடும் மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் அறுந்துபோனால் இப்படித்தான் எரியும். ஒரு பேஸின் காயில்கள் மட்டும் கருகும், மற்ற இரண்டும் தப்பும். ஸ்டார் இணைப்பாக இருந்தால் இரண்டு கருகி ஒன்று தப்பும். லோடு தாங்காமல் எரிந்ததென்றால் மூன்றும் ஒரே சீராகக் கருத்திருக்கும். கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரே இடத்தில் மட்டும் புண் மாதிரித் தெரியும். எரிந்த மோட்டார் தான் எதனால் எரிந்தது என்று தானே எழுதிவைத்துவிட்டுத்தான் சாகிறது. கோவையில் என் மேஸ்திரி முதல் வருடமே எனக்குக் காட்டிக்கொடுத்த பாடம் இது. தெரிந்திருந்தும், முதல் இரண்டு முறையும் அந்த எழுத்தைப் படிக்காமல் என் கையாலேயே அறுத்துப் பழைய செம்பில் போட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே சைக்கிளில் அவர் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூமில் மெயின் சுவிட்சைத் திறந்தால், நடுவிலிருந்த பீஸ் கட்டையின் பிடிப்பு தளர்ந்து, பித்தளை நீலம் பாரித்துக் கிடந்தது. மோட்டார் ஓடும் அதிர்வில் அது விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு பேஸ் போனால் உடனே நிற்காது. உறுமிக்கொண்டே மீதி இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடி, சூடேறிச் சாகும். அதைத் தடுக்க வேண்டிய ஸ்டார்ட்டர் ரிலேயை யாரோ எப்போதோ திருகி உச்சத்தில் வைத்திருந்தார்கள். பீஸ் கட்டையை மாற்றி, ரிலேயைச் சரியான அளவில் வைத்தேன். அரை மணி நேர வேலை. அதன் பிறகு பல வருடம் அந்த மோட்டார் என் பட்டறைக்கு வரவில்லை.

வெங்காயம் தப்பவில்லை. தாளெல்லாம் நுனியிலிருந்து மஞ்சளாகி வயலோடு படுத்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. கூலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தும் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் இரண்டு நாள் கழித்துத்தான் போனேன். இரண்டு கூலியையும் நீட்டினேன். முதல் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டாவதாக வாங்கிய பாதிக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டார். "மொதத் தடவை தெரியாமப் போச்சு. ரெண்டாவது தடவைக்குத்தான் நீ குடுக்கோணும்."

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. ஆனால் தவறைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கினேன். எந்த மோட்டார் வந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், உளி வைப்பதற்கு முன் அதற்கு ஒரு பக்கம். யாருடையது, எத்தனை எச்.பி., ஸ்டாரா டெல்டாவா, எந்தெந்தக் காயில் கருத்திருக்கிறது என்று ஒரு படம். அதன் கீழே, எதனால் எரிந்தது என்று நான் நினைக்கிறேன் என்பது. கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். மோட்டாரை மாட்டப் போகும்போது தோட்டத்தில் நேரில் பார்த்தது என்ன என்பதை வந்து அதில் எழுத வேண்டும். நினைத்ததும் பார்த்ததும் எத்தனை முறை ஒத்துப்போகவில்லை என்பதை அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்குக் காட்டியது. இரண்டு பேஸ் கரண்டில் கன்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டுகிற பழக்கம் எங்கள் பக்கம் பரவிய காலத்தில், எரிந்து வந்ததையெல்லாம் அந்தக் கணக்கிலேயே எழுதிவந்தேன். நேரில் போய்ப் பார்த்தால் சிலது பேரிங் இறுகியதால் எரிந்தது, சிலது கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய்க் காற்றை இழுத்து ஓடியது. ஒரு காரணம் பிடிபட்டுவிட்டால் மனம் அதையே எல்லாவற்றுக்கும் ஒட்டப் பார்க்கிறது.

நோட்டில் உண்மை ஏற வேண்டுமென்றால் பட்டறையில் பயம் இருக்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் சில வருடம் பிடித்தது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வேலை பழகினான். ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னால் ஏதோ ஒரு சின்னத் தப்புக்காக அவனைக் கடுமையாகப் பேசிவிட்டேன். கொஞ்ச நாளில் ஒரு மோட்டாரில் ஒரு காயிலின் முனைகளைத் தலைமாற்றி இணைத்துவிட்டான். வார்னிஷ் ஊற்றிய பிறகுதான் அவனுக்கே அது தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. மோட்டார் தோட்டத்துக்குப் போய் உறுமியது, புகைந்தது, திரும்பி வந்தது. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எல்லாரு முன்னாலயும் பேசுவீங்களேன்னு பயந்துட்டனுங்க" என்றான். தலைமாறிய முனை அவனுடைய தப்பு. அது தோட்டம் வரைக்கும் போனது என்னுடைய தப்பு.

விமானங்களைப் பற்றிப் படித்த ஒரு செய்தி இந்த இடத்தில் நினைவுக்கு வரும். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் பக்கம் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வெர்ஜினியாவில் ஒரு மலையில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்துபோனார்கள். இறங்குவதற்கான அனுமதியை, எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதை, விமானி ஒருவிதமாகவும் தரையில் இருந்தவர் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஆறு வாரத்துக்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் மாட்டி, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளுக்கு எச்சரிக்கை சொன்னது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இதற்குப் பிறகு, 1976-இல், விமானிகள் தாங்கள் செய்த தப்பைத் தாங்களே எழுதி அனுப்பலாம், அதை வைத்து அவர்களைத் தண்டிக்க ஓடமாட்டோம் என்று அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. அந்தக் கடிதங்களை வாங்கும் பொறுப்பு, விமானிகள் மேல் நடவடிக்கை எடுக்கும் அலுவலகத்திடம் போகவில்லை, நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

என் பட்டறை அளவுக்கு நானும் ஒன்று செய்தேன். தப்பு செய்தவன் அன்றைக்கே வந்து சொன்னால் பேச்சு கிடையாது, கம்பிச் செலவு பட்டறையோடது. நோட்டில் அவனே தன் கையால் எழுத வேண்டும். முதல் மாதம் யாரும் எழுதவில்லை. நான்தான் எழுதினேன், என்னுடைய இரண்டு தப்புகளை. மூன்றாவதை அந்தப் பையன் எழுதினான்.

காரணத்தைத் தீர்க்காமல் மறுபடி ஓடவிடுவது என் பட்டறையில் மட்டும் நடக்கவில்லை. 2012 ஜூலை கடைசியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 30-ஆம் தேதி நடுராத்திரி 2.33 மணிக்கு வட இந்திய மின்தொகுப்பு முழுவதும் விழுந்தது. பாடுபட்டு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 31-ஆம் தேதி பகல் 1 மணிக்கு மறுபடியும் விழுந்தது. இந்த முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து போயின. ஏறக்குறைய 60 கோடி மக்கள் இருக்கும் பகுதி அது. விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபோது என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம் என்பதால் தேடிப் படித்தேன். இரண்டு நாளும் தொடக்கம் ஒரே லைன்: பினா – குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அதில் ஷார்ட் எதுவும் ஆகவில்லை. ஏற்கெனவே பல லைன்கள் பராமரிப்புக்கும் பழுதுக்கும் நின்றிருக்க, மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் இழுக்க, மீதமிருந்த லைனில் சுமை ஏறி வோல்டேஜ் இறங்கியது. ரிலே அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு லைனை வெட்டிவிட்டது. விளக்கை உடனே எரியவைத்தாக வேண்டும், மருத்துவமனையும் ரயிலும் காத்திருக்காது, அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விளக்கு திரும்பி வந்தபோது முதல் நாள் இருந்த அதே மெலிந்த லைன்களும் அதே இழுவையும் அப்படியே இருந்தன. வெங்காய வயலுக்காக ராத்திரியோடு ராத்திரியாகச் சுற்றிக் கொடுத்த என் மோட்டார்தான் எனக்குக் கண் முன்னே வந்தது.

அந்த இரண்டு நாளும் தமிழ்நாடு அதில் இருட்டாகவில்லை. டீக்கடையில் ஒருவர் நம் ஆட்களின் கெட்டிக்காரத்தனம் என்று பெருமையாகச் சொன்னார். தென்னிந்தியத் தொகுப்பு அப்போது மற்ற தொகுப்புகளோடு ஒரே ஓட்டமாக இணைந்திருக்கவில்லை என்பதுதான் காரணம். ரெய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31-ஆம் தேதிதான் ஏற்பட்டது. தப்பித்ததை நம் திறமை என்று கணக்கெழுதிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதை நான் ஏற்கெனவே விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

1994-இல் மைத்துனர் ஒருவர் விசைத்தறி வாங்கக் கடன் எடுத்தார். ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். என்ன கடன், எத்தனை வருடம், தறி ஓடாவிட்டால் எதை வைத்துக் கட்டுவார், எதையும் கேட்கவில்லை. விருந்து முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். பேனாவை நீட்டினார், போட்டேன். அவர் ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தார். ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணம் அன்றைக்கு என்னிடம் குடியேறியது. அவருடைய ஒழுக்கத்தை என்னுடைய கணிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

2001-இல் நெருங்கிய பழக்கமுள்ள ஒருவர் அதே மாதிரி வந்தார். அதே மாதிரி போட்டேன். என் மனைவி மட்டும், "ஏனுங்க, எவ்வளவு என்னன்னு கேட்டீங்களா?" என்றாள். "பேருக்குத்தான் கையெழுத்து" என்று அவர் சொன்னதையே அவளிடம் சொன்னேன். ஒன்றரை வருடத்தில் அவர் தொழில் நொடித்து ஊரை விட்டுப் போய்விட்டார். நோட்டீஸ் என் பேருக்கு வந்தது. முதலில் அவரிடம் கேளுங்கள், அவரிடம் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள் என்று சொல்லலாம் என நினைத்து வக்கீலிடம் போனேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவை அவர் விளக்கினார். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. "பேருக்கு" என்று ஒரு கையெழுத்து சட்டத்தில் கிடையாது. நாலு வருடம் கட்டினேன். மனைவியின் ஆரமும் இரண்டு வளையலும் போயின. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது வலிக்கிறது.

2001-இல் நான் செய்த தவறை எல்லோரும் பார்த்தார்கள். 1994-இல் செய்த அதே தவறை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஏனென்றால் அது நல்லபடியாக முடிந்துவிட்டது. ஓடுகிற மோட்டாரை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எரிந்தது நமக்குப் புகையைக் காட்டிவிடும். எரியாமல் தப்பியது உள்ளுக்குள் எவ்வளவு சூடேறியிருந்தது என்பது நாமாகப் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். யாராவது தங்கள் வாழ்க்கையில் சரியாக நடந்துவிட்ட முடிவுகளை மட்டும் ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், அதில் பாதியாவது அடுத்தவர் நேர்மையாலும் காலத்தின் தயவாலும் நடந்தது என்று தெரியவரும்.

கடன் அடைந்த வருடம் மனைவிதான் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "மோட்டாருக்கு எழுதறீங்கல்ல, நம்ம வீட்டுக்கும் எழுதுங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எழுதோணும், பொறவு இல்ல." அப்படித்தான் வீட்டு நோட்டு ஆரம்பித்தது. நிலம், நகை, கடன், கல்யாணம், வைத்தியம், எதுவாக இருந்தாலும் முடிவு எடுக்கும் நாளில் அரைப் பக்கம் எழுதுவோம். என்ன செய்யப் போகிறோம், ஏன், எது தப்பாகப் போகலாம், அன்றைக்கு மனசும் உடம்பும் எப்படி இருக்கின்றன. முடிவின் பலன் தெரிந்த பிறகு எதிர்ப்பக்கத்தில் அதை எழுதுவோம்.

என் பேத்தி மனோதத்துவம் படிக்கிறாள். இந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணத்தில் இன்னின்னது நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று இஸ்ரேலில் மாணவர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். உண்மையிலேயே நடந்தவற்றை, முன்பே அதிகம் எதிர்பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த தாளில் அப்படி இல்லை. பரூக் பிஷ்ஹாஃப் என்பவரும் அவரோடு வேலை செய்தவரும் 1975-இல் அதை வெளியிட்டார்கள். அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை தாத்தா, அவர்களுக்கு அப்படித்தான் ஞாபகம் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஜாமீன் விவகாரத்துக்குப் பிறகு, அந்த ஆள் மேல் எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! சந்தேகம் இருந்தது என் மனைவிக்கு. அதை நான் எப்போது என்னுடையதாக்கிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

கிட்டத்தட்ட இருபது வருடப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சரியில்லாமல் போன முடிவுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, "நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்." மற்றது, "இல்லையென்றால் என்ன நினைப்பார்கள்." கணக்குத் தெரியாமல் கெட்டது மிகக் குறைவு. எனக்குக் கணக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் இல்லை என்று சொல்லத்தான் தெரியவில்லை. இதை ஐம்பது வயதுக்கு முன் தெரிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மகனுக்கு நாற்பதிலேயே தெரிகிறது. அவன் இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும், "வீட்ல பேசிட்டு நாளன்னிக்குச் சொல்றனுங்க" என்கிறான். அதனால் யாரும் அவனோடு உறவை முறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நோட்டு எதிர்த்திசையிலும் உதவியது. 2020 பிப்ரவரியில் பட்டறைக்குப் புதிதாக ஒரு வைண்டிங் மெஷின் வாங்கினோம். மார்ச் 25-ஆம் தேதி நாடே பூட்டப்பட்டது. தவணை மட்டும் ஓடியது. மகன் தூக்கமில்லாமல் தன்னையே நொந்துகொண்டிருந்தான். நோட்டை எடுத்து பிப்ரவரிப் பக்கத்தைக் காட்டினேன். வந்த வேலை எவ்வளவு, கைவசம் இருந்தது எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்று ஒழுங்காக எழுதியிருந்தான். அதில் இருந்த எதுவும் தப்பில்லை. அந்தப் பக்கம் இல்லாமல் இருந்திருந்தால், இனி மெஷினே வாங்கக் கூடாது என்ற தவறான பாடத்தை அவன் கற்றுக்கொண்டிருப்பான்.

எழுதிவைப்பதில் எனக்கு இவ்வளவு நம்பிக்கை இருந்தும், என் தம்பி விஷயத்தில் அது முழுதாகக் கைகொடுத்தது என்று சொல்ல முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. தம்பியின் தென்னந்தோப்பில் மட்டை தொங்க ஆரம்பித்தது. எங்கள் பூமிக்கு அடியில் கருங்கல். மேலே கொஞ்சம் உக்கிய பாறையிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். அவன் மூன்று போர் போட்டான். ஒருவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து இடம் காட்டினார், இன்னொருவர் கருவி வைத்துக் காட்டினார். மூன்றிலும் புழுதிதான் வந்தது. ஒவ்வொரு முறையும், இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இப்ப நிறுத்தினா அத்தனையும் வீண் என்றான். போன பணம் அடுத்த குழியில் இருந்து திரும்பி வராது என்று வாயால் சொன்னால் காதில் ஏறாது. மரம் வாடுவதைத் தினமும் பார்ப்பவன் அவன்.

நாலாவது போருக்கு வண்டி வருவதற்கு முந்தின நாள் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். 850 அடி. அதுவரை ஓட்டத் தண்ணீர் வராவிட்டால் நிறுத்திவிடுவது, மிச்சப் பணத்தில் லாரித் தண்ணீரும் சொட்டுநீர்க் குழாயும் போட்டு, பாதி மரத்தையாவது காப்பாற்றுவது. அவனும் கையெழுத்துப் போட்டான்.

திருச்செங்கோட்டு வண்டி. இந்தியா முழுக்கப் பாறை துளைக்கப் போகிற வண்டிகள் அந்த ஊரிலிருந்துதான் அதிகம் கிளம்புகின்றன. ராத்திரி முழுக்கக் கம்ப்ரசர் அலறியது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வெள்ளைப் புழுதி எழும்பித் தலை, புருவம், தென்னை மட்டை எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு ராடும் இறங்க இறங்க தம்பி குழிவாயில் கையை நீட்டிப் பொடியைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தான். ராத்திரி ஒன்றரைக்கு 850 தொட்டபோது பொடி கொஞ்சம் ஈரமாக வந்தது. வண்டிக்காரர் இறங்கி வந்து கேட்டார்: "அண்ணா, ஈரம் காட்டுது. இன்னும் நூறு போடலாமுங்களா?" நூறு அடிக்கு ஒருதரம் அடிக்கூலி ஏறிக்கொண்டே போகும். தம்பி என் முகத்தைப் பார்த்தான். அந்தச் சத்தத்திலும் புழுதியிலும், மூன்று நாள் தூங்காத கண்ணோடு, உள்ளங்கையில் ஈர மண்ணை வைத்துக்கொண்டு எந்த மனிதனாலும் சரியாக யோசிக்க முடியாது. நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன். வண்டியை நிறுத்தச் சொன்னான்.

பாதித் தோப்பு பிழைத்தது. மீதியை வெட்டினோம். மூன்று மாதம் கழித்து, இரண்டு காடு தள்ளி ஒருவர் 980 அடியில் தண்ணீர் கண்டார். அது இன்றைக்கும் ஓடுகிறது. "நூத்தி முப்பது அடிண்ணா" என்று தம்பி இப்போதும் ஒரு விசேஷத்தில் பார்த்தால் சொல்வான். பக்கத்துக் காட்டின் பாறை நம் பாறை இல்லை, கையில் இருந்த பணத்துக்கும் அன்றைக்குத் தெரிந்ததற்கும் அதுதான் சரி என்று நான் சொல்வேன். அவன் ஒத்துக்கொண்டதில்லை. நானும் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பட்டறையில் நோட்டுகள் ஒரு ரேக் நிறையச் சேர்ந்துவிட்டன. சிலது எலி கடித்து, சிலது வார்னிஷ் கொட்டி ஒட்டிக் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நோட்டின் முதல் பக்கத்தைத்தான் காட்டுவேன். அதில் பொங்கலூர் விவசாயியின் மோட்டார் இருக்கிறது. மூன்று முறை வந்ததால் மூன்று வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது வட்டத்தில் எந்தக் காயில் கருத்தது, எது தேன் நிறமாக இருந்தது என்று பென்சிலால் நிழல் அடித்திருக்கும். முதல் இரண்டு வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. அந்தச் செம்பு என்றைக்கோ உருகிப் போய்விட்டது.